அனகோண்டாவிலிருந்து யூவிக்கு: ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

போன வருடம் ஒரு நாள் காலையில் என் லேப்டாப்பின் எஸ்எஸ்டி பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டது. டேட்டா எல்லாம் வெளி ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருந்தது, பைதான் கோடு எழுதி வைத்திருந்த ஜூபிடர் நோட்புக்குகள் கிட் என்ற வெர்ஷன் கணக்குக் கருவியில் இருந்தன, அதனால் பெரிதாகக் கலங்கவில்லை. புது எஸ்எஸ்டி போட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி, பைதானை மட்டும் போட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்தச் சாயங்காலம் வர மூன்று நாள் ஆயிற்று.

காரணம் வேறு யாரும் இல்லை, நான்தான். என்னென்ன பேக்கேஜ் போட்டிருந்தேன், ஒவ்வொன்றும் எந்த வெர்ஷன் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. 2021-ல் எழுதிய ஒரு நோட்புக்கை ஓட்டினால், பாண்டாஸ் (அட்டவணை டேட்டாவைக் கையாளும் லைப்ரரி) டேட்டாஃப்ரேமில், வரி சேர்க்கிற அப்பெண்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. 2023-ல் பாண்டாஸ் 2.0 வந்தபோது அதைத் தூக்கிவிட்டார்கள், இனிமேல் கான்கேட் தான்; பழைய வெர்ஷனிலேயே இருந்ததால் எனக்கு அது உறைக்கவே இல்லை. இன்னொரு நோட்புக்குக்குத் தேவையான ஒரு சின்ன லைப்ரரியை ஞாபகத்தில் இருந்த பழைய வெர்ஷனில் போட்டேன், அது நம்பை என்ற எண் கணக்கு லைப்ரரியின் 1-வது வெர்ஷனுக்குக் கம்பைல் ஆனது, புதிதாக வந்து உட்கார்ந்ததோ நம்பை 2, இரண்டும் ஒத்துப்போகாது என்று நீளமாக ஒரு எச்சரிக்கை வந்து எல்லாம் நின்றுவிட்டது. இப்படி ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிற விளையாட்டை மூன்று நாள் ஆடிய பிறகுதான், எல்லோரும் சொல்கிறார்களே, பார்த்துவிடலாம் என்று யூவியை எடுத்தேன். இது ஒரு வருடத்துக்குப் பிறகு எழுதுகிற விமர்சனம். முதல் வாரத்து உற்சாகமெல்லாம் அடங்கிவிட்டது.

தெரியாதவர்களுக்கு: யூவி என்பது பைதானையும் அதன் பேக்கேஜ்களையும் போட்டு, பிரித்து, கணக்கு வைத்துக்கொள்கிற ஒரு கருவி. ரஃப் என்ற கோடு சரிபார்ப்புக் கருவியை உருவாக்கிய ஆஸ்ட்ரல் நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்டது, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது, இலவசம், ஓப்பன் சோர்ஸ். முதலில், பைதானில் வழக்கமாகப் பேக்கேஜ் போடப் பயன்படுகிற பிப்புக்கு மாற்றாகத்தான் வந்தது. அதே வருடம் பைதானையே இறக்கிப் போடுவது, ப்ராஜெக்ட்களை நிர்வகிப்பது, லாக் ஃபைல் எழுதுவது எல்லாம் சேர்ந்துகொண்டன.

அதற்கு முன்னால் நான் அனகோண்டாக்காரன், அதாவது பைதானையும் டேட்டா வேலைக்கான பேக்கேஜ்களையும் ஒரே மூட்டையாகக் கொடுக்கிற தொகுப்பைப் பயன்படுத்தியவன். அதைக் குறை சொல்லிப் பேசுவது இப்போது ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2012-ல் அது வந்தபோது விண்டோஸில் நம்பை, சைபை போடுவதென்றால் சி கம்பைலர், ஃபோர்ட்ரான் கம்பைலர் என்று தேடி அலைய வேண்டியிருந்த காலம், அதை ஒரே இன்ஸ்டாலரில் முடித்துக் கொடுத்தார்கள். இன்றைக்கு டேட்டா வேலை செய்கிற பலர் உள்ளே நுழைந்ததே அந்தக் கதவு வழியாகத்தான். ஆனால் இப்போது பெரும்பாலான லைப்ரரிகள் ஏற்கெனவே கம்பைல் ஆன வீல் ஃபைல்களாகப் பிப்பிலேயே கிடைக்கின்றன, அதனால் அந்தப் பெரிய மூட்டை பலருக்குத் தேவைப்படுவதில்லை. 5 ஜிபி இடம் வேண்டும் என்று அவர்களுடைய வழிகாட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள், நான் தொட்டது அதில் பதினைந்து இருபது இருக்கும். உரிமம் என்று இன்னொரு விஷயம்: 2020-லிருந்து பெரிய நிறுவனங்களுக்கு, அதாவது 200 பேருக்கு மேல் வேலை செய்கிற இடங்களுக்கு, அவர்களுடைய டிஃபால்ட் சேனலை (பேக்கேஜ்கள் இறங்குகிற இடம்) பயன்படுத்தக் கட்டணம் உண்டு. சொந்த லேப்டாப்தானே என்று போட்டு அதில் அலுவலக வேலையைச் செய்கிறவர்கள் அந்த விதிகளை ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுவது நல்லது. அனகோண்டாவின் மெலிந்த வடிவமான மினிகோண்டா சின்னதுதான், ஆனால் அதுவும் பழக்கத்தில் அதே சேனலிலிருந்துதான் எடுக்கும். அது வேண்டாம் என்றால் மினிஃபோர்ஜ் இருக்கிறது, அது சமூகம் நடத்துகிற காண்டா ஃபோர்ஜ் சேனலிலிருந்து எடுப்பது.

சரி, யூவிக்கு வருவோம். போடுவது டெர்மினலில் ஒரே ஒரு வரி. அட்மின் பாஸ்வேர்டு கேட்காது, பைதான் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்றும் இல்லை. போட்டவுடன் டெர்மினலை மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் யூவி என்று ஒரு கமாண்டே இல்லை என்று சொல்லும், பயந்துவிடாதீர்கள். விண்டோஸில் பைதான் என்று டைப் செய்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டு நிற்கும் என்பது பலருக்கும் தெரிந்த வேடிக்கை. இங்கே நாம் பைதானை நேரடியாகக் கூப்பிடுவதே இல்லை என்பதால் அந்தத் தொல்லை வராது. லினக்ஸிலும் ஒரு நிம்மதி உண்டு: டெபியன் 12, உபுண்டு 23.04 முதற்கொண்டு, சிஸ்டம் பைதானில் பிப் மூலம் எதையும் போட முயன்றால் இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிற சூழல் என்று தடுத்துவிடுவார்கள். தடுப்பதும் சரிதான், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பல கருவிகள் அந்தப் பைதானை நம்பித்தான் ஓடுகின்றன. இணையத்தில் அதற்குப் பதிலாகச் சொல்லப்படுகிற, சிஸ்டத்தை உடைத்தாலும் பரவாயில்லை என்று பொருள்படும் அந்த நீளமான ஆப்ஷனை நானும் ஒரு தடவை போட்டிருக்கிறேன், என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

வேலை செய்கிற முறை இப்படி. ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே போய் யூவி இனிட் என்று கொடுத்தால் பைப்ராஜெக்ட் என்ற டாமல் ஃபைல் வருகிறது. யூவி ஆட் பாண்டாஸ் என்றால் பாண்டாஸும் அதற்கு வேண்டிய நம்பை போன்ற துணைகளும் வந்து இறங்குகின்றன, கூடவே யூவி லாக் என்ற இன்னொரு ஃபைலில் எது, எந்த வெர்ஷன் என்பது எல்லாம் துல்லியமாக எழுதப்படுகிறது. அந்த லாக் ஃபைலை நாம் கையால் தொட வேண்டியதில்லை, கிட்டில் மட்டும் ஏற்றிவிட வேண்டும். வேறு லேப்டாப்பில், அது வேறு ஆபரேட்டிங் சிஸ்டமாகவே இருந்தாலும், அந்த ஃபோல்டரை எடுத்து யூவி சிங்க் என்று கொடுத்தால் அதே வெர்ஷன்கள் வந்துவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. ஒரு சூழலை (ஒரு ப்ராஜெக்டுக்கென்று தனியாக இருக்கிற பைதானும் பேக்கேஜ்களும்) மதிப்பிட நான் இப்போது செய்கிற சோதனை ஒன்றே ஒன்றுதான்: சூழல் இருக்கிற அந்த மறைவான வென்வ் ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிடுவேன், திரும்பக் கட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பேன். பாண்டாஸ், மேட்ப்ளாட்லிப், சைகிட்லேர்ன், ஜூபிடர் எல்லாம் இருக்கிற ஒரு ப்ராஜெக்டில், ஏற்கெனவே ஒரு தடவை இறக்கியவை கேஷில் (டிஸ்கில் இருக்கிற சேமிப்பு ஃபோல்டர்) இருக்கும்போது, டீ டம்ளரைக் கீழே வைக்கும் முன்பு முடிந்துவிடுகிறது. பிப்பைவிடப் பத்திலிருந்து நூறு மடங்கு வேகம் என்று அவர்கள் விளம்பரம் செய்கிறார்கள். நான் கடிகாரம் வைத்து அளக்கவில்லை, ஆனால் நூறு என்பதைக் கேட்டுச் சிரித்தவன் இப்போது சிரிப்பதில்லை. நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும், அனகோண்டாவின் பேக்கேஜ் கருவியான காண்டாவும் முன்பு மாதிரி இல்லை, 23.10 வெர்ஷனிலிருந்து லிப்மாம்பா என்ற வேகமான சால்வரை (எந்த வெர்ஷன்கள் ஒத்துப்போகும் என்று கணக்குப் போடுவது) டிஃபால்ட் ஆக்கிவிட்டார்கள், சால்விங் என்வைரன்மென்ட் என்று சுற்றிக்கொண்டே இருக்கிற காலம் போய்விட்டது. பழைய கோபத்தை வைத்துக்கொண்டு அதைத் திட்டுகிறவர்கள் ஒரு தடவை அப்டேட் செய்து பார்க்கலாம்.

ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனிச் சூழல் என்றால் டிஸ்க் என்னத்துக்கு ஆகும் என்று எனக்கும் முதலில் கவலை இருந்தது. யூவி ஒரு பொதுக் கேஷ் வைத்துக்கொண்டு அங்கிருந்து ஹார்டு லிங்க், அதாவது அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர், போடுகிறது (மேக்கில் வேறு மாதிரி, பலன் ஒன்றுதான்), ஆகவே பத்து ப்ராஜெக்டில் அதே பாண்டாஸ் இருந்தாலும் டிஸ்கில் ஒரு தடவைதான் இடம் பிடிக்கும். கேஷும் ப்ராஜெக்டும் வேறு வேறு டிரைவில் இருந்தால் ஹார்டு லிங்க் போட முடியாது, முழுதாகக் காப்பி எடுக்கிறேன் என்று ஒரு எச்சரிக்கை வரும். சி டிரைவில் கேஷ், டி டிரைவில் ப்ராஜெக்ட் என்று வைத்திருக்கிறவர்களுக்கு இது கட்டாயம் வரும், கேஷ் இருக்கும் இடத்தை மாற்றிவிட்டால் தீர்ந்தது. அதேபோல, தானாகவே க்ளவுடுக்கு சிங்க் ஆகிற ஃபோல்டருக்குள் ப்ராஜெக்டை வைக்காதீர்கள். ஒரு சூழலில் சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், அவ்வளவையும் மேலே ஏற்ற முயன்று லேப்டாப் விசிறி ராத்திரி முழுக்கக் கத்தும்.

இப்போது ஜூபிடர். புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் எப்போதும் இதுதான், யூவி வந்ததால் அது மாறிவிடவில்லை. டெர்மினலில் பாண்டாஸ் இருக்கிறது, நோட்புக்கில் இம்போர்ட் செய்தால் இல்லை என்கிறது, மறுபடி போடுகிறோம், ஏற்கெனவே இருக்கிறது என்கிறது, தலைமுடியைப் பிய்த்துக்கொள்கிறோம். விஷயம் இவ்வளவுதான்: நோட்புக் என்பது வெறும் பக்கம், அதற்குப் பின்னால் ஓடுகிற கெர்னல் ஒரு தனிப் பைதான், அது நீங்கள் பேக்கேஜ் போட்ட அதே பைதானாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சந்தேகம் வந்தால் நோட்புக்கிலேயே சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து அதன் எக்ஸிக்யூட்டபிள் என்ன என்று அச்சிட்டுப் பாருங்கள், எந்தப் பைதான் ஓடுகிறது என்று முழுப் பாதையும் வரும். பாதி நேரம் அந்த ஒரு வரியிலேயே மர்மம் தீர்ந்துவிடும்.

விஎஸ் கோடில் பைதான், ஜூபிடர் என்று இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் வேண்டும். அப்புறம் ப்ராஜெக்ட் ஃபோல்டரையே திறக்க வேண்டும், உள்ளே இருக்கிற நோட்புக்கை மட்டும் தனியாக டபுள் கிளிக் செய்து திறந்தால் சூழலைக் கண்டுபிடிக்காமல் முழிக்கும். ஐபைகெர்னல் என்ற பேக்கேஜை டெவ் பிரிவில் சேர்த்துவிட்டு, நோட்புக்கின் வலது மேல் மூலையில் கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. நான் இங்கே ஒரு சறுக்கல் சறுக்கினேன். பழக்கதோஷத்தில் நோட்புக் செல்லில் ஆச்சரியக்குறி போட்டு பிப் இன்ஸ்டால் என்று கொடுத்துவிட்டேன். யூவி உருவாக்குகிற சூழலில் பிப் இருக்காது, நாமாகக் கேட்டால்தான் போட்டுக் கொடுக்கும். ஆக அந்தக் கமாண்ட் எங்கோ சிஸ்டத்தில் கிடந்த வேறொரு பிப்பைக் கண்டுபிடித்து, வேறொரு பைதானில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, வெற்றி என்று வேறு சொன்னது. அரை மணி நேரம் திரையையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியக்குறி போட்டாலும் பின்னால் யூவி ஆட் என்று கொடுத்துப் பழகிக்கொள்ளுங்கள், லாக் ஃபைலிலும் பதிவாகிவிடும்.

விஎஸ் கோடு வேண்டாம், பிரவுசரில் ஜூபிடர் லேப்தான் பிடிக்கும் என்றால் அதுவும் ஒரே வரிதான்: யூவி ரன் கமாண்டில் வித் ஜூபிடர் என்று சேர்த்து ஜூபிடர் லேபைக் கூப்பிட்டால், ப்ராஜெக்டில் ஜூபிடரை நிரந்தரமாகச் சேர்க்காமலேயே திறந்துகொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போன வசதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரே ஃபைலில் இருக்கிற சின்ன ஸ்கிரிப்டின் தலையில், இதற்கு இந்தந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று கமெண்டாக எழுதிவைக்கலாம். யூவி ரன் என்று ஓட்டினால் அதைப் படித்து, தற்காலிகமாக ஒரு சூழல் கட்டி, ஓட்டிக் காட்டிவிடும். மாதம் ஒரு தடவை சிஎஸ்வி ஃபைலைச் சுத்தம் செய்கிற ஒரு ஸ்கிரிப்டை, பைதான் என்றாலே பாம்பைப் பார்த்த மாதிரி பார்க்கிற ஒரு சக ஊழியருக்கு இப்படித்தான் கொடுத்தேன். இன்றுவரை ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பைதான் உலகத்துக்கு வெளியே இருக்கிறதை யூவி தொடாது. ஆர் மொழி, ஜிபியுவுக்கான முழு கூடா டூல்கிட், ஜிடால் மாதிரி வரைபட வேலைக்கான கனமான சி லைப்ரரிகள் இவை எல்லாம் ஒரே சூழலில் வேண்டும் என்றால் காண்டாதான் சரி, இன்றைக்கும். அதில் லாக் ஃபைலும் வேண்டும் என்றால் பிக்சி என்ற கருவியைப் பாருங்கள், காண்டா பேக்கேஜ்களை யூவி மாதிரியான நடைமுறையில் கொடுக்கிறது. இரண்டாவது, எல்லாம் டெர்மினல்தான், ஜன்னலும் பட்டனும் கிடையாது. அனகோண்டா நேவிகேட்டரில் கிளிக் செய்தே பழகியவர்களுக்கு முதல் இரண்டு நாள் இருட்டில் தடவுகிற மாதிரி இருக்கும். மூன்றாவது, சும்மா இரண்டு வரி எழுதிப் பார்க்கலாம் என்றால்கூட எந்த ஃபோல்டர் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அனகோண்டாவின் பேஸ் சூழல் (எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கிற பொதுச் சூழல்) அந்த விதத்தில் வசதி, அந்த வசதிதான் எனக்கு மூன்று நாளைத் தின்றது என்பது வேறு விஷயம். அப்புறம், ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கிறோமே என்ற கேள்வி. உரிமம் அப்பாச்சி அல்லது எம்ஐடி, எது வேண்டுமோ அது, ஆக நாளைக்கே அவர்கள் மனம் மாறினாலும் சமூகம் எடுத்து நடத்தலாம். டாமல் ஃபைலின் அடிப்படை வடிவமும் பைதானின் பொது வடிவம்தான். இந்தக் கவலை எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

நீங்கள் ஆர் மொழியில்தான் வேலை செய்கிறீர்கள் என்றால் இதில் எதுவுமே வேண்டாம், ஆர், ஆர்ஸ்டூடியோ, ப்ராஜெக்டுக்கு ஒரு ஆர்என்வி (ஆர் மொழியின் தனிச் சூழல் கருவி), போய்க்கொண்டே இருங்கள். எதையுமே போடாமல் பார்க்க வேண்டும் என்றால் பிரவுசரிலேயே நோட்புக் ஓட்டுகிற கூகுள் கோலேப் இருக்கிறது, டேட்டா வெளியே போகலாம் என்றால் மட்டும், செஷன் முடிந்தால் அங்கே போட்டது போய்விடும் என்பதையும் தெரிந்துகொண்டு.

சூழல் பக்காவாக இருந்தாலும் மெமரி இல்லாவிட்டால் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், என்னுடையது 8 ஜிபி. பாண்டாஸை உருவாக்கிய வெஸ் மெக்கின்னியே 2017-ல் எழுதியிருக்கிறார், டேட்டாவைப் போல ஐந்திலிருந்து பத்து மடங்கு ரேம் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. நான் 2 ஜிபி சிஎஸ்வி ஃபைலை அப்படியே படிக்கச் சொல்லிவிட்டு, மவுஸ்கூட அசையாமல் நின்ற லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தவன். இப்போது அந்த மாதிரி ஃபைல் வந்தால் முதலில் டக்டிபி என்ற சின்ன டேட்டாபேஸ். யூவி ஆட் டக்டிபி, அவ்வளவுதான், தனியாக சர்வர் எதுவும் ஓட வேண்டாம், சிஎஸ்வி ஃபைலின் மேலேயே எஸ்க்யூஎல் எழுதி, வேண்டிய நெடுவரிசைகளையும் வரிகளையும் மட்டும் வடிகட்டி பார்கே என்ற சுருக்கமான வடிவ ஃபைலாகச் சேமித்துவிட்டு, அந்தச் சின்னதைப் பாண்டாஸுக்குக் கொடுக்கிறேன். போலார்ஸும் இதைச் செய்யும், எஸ்க்யூஎல் ஏற்கெனவே கையில் இருந்ததால் நான் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

கடைசியாக, தமிழ் டேட்டாவோடு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். எந்தக் கருவியில் சூழலைக் கட்டினாலும் இந்த மூன்றும் வரும். தமிழ் உள்ள சிஎஸ்வியை எக்ஸலில் டபுள் கிளிக் செய்து திறக்கப்போகிறார்கள் என்றால் யூடிஎஃப்-8-சிக் என்ற என்கோடிங்கில் எழுதுங்கள், வெறும் யூடிஎஃப்-8 என்றால் கிறுக்கல்தான் தெரியும். எழுத்துகளை எண்ணுவதற்கு லென் ஃபங்ஷனை நம்பாதீர்கள், தமிழ் என்ற சொல்லுக்கு அது 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து, அதற்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. மேட்ப்ளாட்லிப் படத்தில் தமிழ்த் தலைப்பு கொடுத்தால் கட்டம் கட்டமாக வரும், ஏனென்றால் அதன் டிஃபால்ட் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டு எழுத்துருவை மாற்றினேன், கட்டங்கள் போயின, ஆனால் என்னிடம் இருக்கிற வெர்ஷனில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றுகொண்டது, பெயர் என்று எழுதினால் பகரத்துக்குப் பின்னால் கொம்பு தொங்குகிறது. அதனால் தமிழ் லேபிள் வேண்டிய படங்களை மட்டும் ப்ளாட்லியில் போடுகிறேன், அதைப் பிரவுசர்தான் வரைகிறது, அதற்குக் கொம்பை எங்கே வைப்பது என்று தெரியும்.